ஆளில்லாத தோட்டத்தில் ஒரு தேர்தல்

போன ஞாயிற்றுக்கிழமை கோப்பெங் பக்கம் ஒரு பழைய தோட்டத்து அம்மன் கோயிலில் பொதுக்கூட்டம். புந்தோங்கில் ஸ்கூல் வேன் ஓட்டும் புவனா அக்கா தலைவர் பதவிக்குப் போட்டியிடுகிறார். "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று பேப்பரில் எழுதுகிற என்னையும் கூப்பிட்டிருந்தார்.

நம் நாட்டில் நகராண்மைக் கழகத்துக்குத் தேர்தல் கிடையாது. அந்த ஆசையையெல்லாம் கோயில் கமிட்டியில்தானே தீர்த்துக்கொள்கிறோம்?

வாசலிலேயே இப்போதைய தலைவர் என் கையைப் பிடித்து வரவேற்றார். மற்ற நாளில் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காத மனிதர்! கேசரி வேறு கொடுத்தார்.

கூட்டம் தொடங்கியதும் செயலாளர் எழுந்தார். "புவனா மனு செல்லாது. தோட்டத்துல குடியிருக்கிறவங்கதான் நிக்கலாம்னு விதி இருக்கு."

அக்கா அமைதியாகக் கேட்டார். "நாம இருந்த லயத்து வீட்டையெல்லாம் இடிச்சு எத்தன வருசமாச்சு? இப்ப அங்க யாருண்ணே இருக்கா? தலைவரே ஈப்போவுலதானே இருக்காரு?"

"அவரு மேல யாரும் ஆட்சேபம் சொல்லலையே லா" என்றார் செயலாளர்.

தோட்டம் கைமாறி, ஆளாளுக்குப் பட்டணம் போய்விட்டோம். கோயில் விதியை மட்டும் யாரும் மாற்றவில்லை. சோம்பல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்... வேண்டாதவர் வரும்போது எடுத்து நீட்டலாம் என்றே வைத்திருந்தார்களோ?

ஏன் சந்தேகம் என்கிறீர்களா? கோயில் இருக்கும் நிலத்தை ஒரு வீடமைப்பு கம்பெனி கேட்கிறது. கோயிலை வேறிடத்துக்கு மாற்றத் தலைவர் தயார். முடியாது என்று சொன்ன ஒரே ஆள் அக்கா. அவர் மனு தள்ளுபடி. தலைவர் போட்டியின்றித் தேர்வு. எல்லாம் தற்செயலாம்.

அக்காவுக்குக் காது குத்தியதும், கல்யாணம் நடந்ததும் அந்தச் சந்நிதியில்தான். அவரைப் போய் வெளியாள் என்றால் கோபம் வராதா? எனக்கே வந்தது. அவர் திங்கட்கிழமையே லாயரைப் பார்த்துவிட்டார். விஷயம் கோர்ட்டுக்குப் போகிறது.

நேற்று தலைவர் போன் செய்தார். "அண்ணே, இது நம்ம வீட்டு விசயம் மாதிரி. நெலத்தப் பத்தியெல்லாம் பேப்பர்ல எழுதிறாதீங்க லா."

நிலத்தைப் பற்றி நான் அவரிடம் வாயே திறக்கவில்லையே?

அந்த விதிப்படி பார்த்தால், இன்றைக்குத் தோட்டத்தில் குடியிருப்பது அம்மன் ஒருத்திதான் – அவளையும் காலி பண்ணச் சொல்கிறார்கள்.