பிரமிடின் வடக்குப் பக்கம்

என் கணவர் துபாயில் கண்ணாடி பொருத்தும் வேலை பார்த்தவர். பிரமிடு வடிவத்தில் அங்கே ஒரு ஹோட்டல் இருக்கிறது. அதன் சரிவில் கண்ணாடி பதித்தவர்களில் அவரும் ஒருவர். நேரான சுவர் என்றால் தொங்குகிற தொட்டிலில் நின்று வேலை செய்யலாம். சாய்ந்த சுவரில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குப்புறப் படுக்க வேண்டும். வெயிலில் கண்ணாடி சட்டையைத் தாண்டிச் சுடுமாம். வயிற்றில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தச் சம்பாத்தியத்தில்தான் தாராவியில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு எங்கள் ஒரே மகளை இன்ஜினியராக்கினோம்.

அவர் திரும்பி வந்து பல வருஷம் கழித்து, மகளுக்கும் துபாயிலேயே வேலை கிடைத்தது. போன குளிர்காலத்தில் எங்கள் இருவரையும் வரவழைத்தாள்.

விமானத்தில் ஏறியதிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "வடக்குப் பக்கம், உச்சிக்குக் கொஞ்சம் கீழ. நான் போட்ட கண்ணாடிய ஒனக்குக் காட்டுதேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மகள் காரில் ஊரைச் சுற்றிக் காட்டினாள். நடுவில் பெரிய ஓட்டை விட்டு வளையம்போல் நிற்கும் கட்டடம், இடுப்பை முறுக்கிய மாதிரி ஒரு கோபுரம். "இதெல்லாம் எங்க காலத்துல வெறும் மணலு" என்றார். கடைசியில் அந்தப் பிரமிடுக்கே கூட்டிப் போனாள். கீழ்த்தளத்தில் காபி குடிக்க உட்கார்ந்தோம். அவளோடு வேலை பார்க்கும் பையன் ஒருவனும் அங்கே வந்தான். அவனும் பம்பாய்தான், மாட்டுங்காவில் வளர்ந்தவன், மரியாதையான பையன்.

"அங்கிள், துபாய்க்கு இதுதான் ஃபர்ஸ்ட் டைமா?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"ஆமா. அப்பா பாம்பேய விட்டு எங்கயும் போனதில்ல. காட்கோபர்ல வீடு. அங்கயே சொந்தமா கண்ணாடிக் கடை வச்சிருக்கார்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பையனிடம் திரும்பி, "ஆமா தம்பி, மொத தடவ" என்றார்.

பையன் ஆர்வமாக மேலே கை காட்டினான். "இப்படிச் சரிவா கண்ணாடி போடறது ரொம்பக் கஷ்டம் அங்கிள்."

"அப்படியா?" என்று இவர் அண்ணாந்து பார்த்துக் கேட்டுக்கொண்டார். என் காபி ஆறி ஆடை கட்டியது.

மகள் காரை எடுக்கப் போனபோது, "ஏன் வாயத் தொறக்கல?" என்று கேட்டேன்.

"அவ இந்த ஊர்ல இருக்கணும்லா. விடு."

வடக்குப் பக்கம் போகாமலே கிளம்பினோம்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று மகளிடம் கேட்காமல் நான் விடவில்லை. "எம்மா, லேபரோட பொண்ணுன்னா ஆபீஸ்ல எப்படிப் பேசுவாங்கன்னு ஒனக்குத் தெரியாது" என்று அழுதாள். அழுகை நிஜம்தான். ஆனால் அவள் தலையைத் தடவ எனக்குக் கை நீளவில்லை.

அந்தப் பையனையே கட்டிக்கொள்ளப் போவதாகப் பிறகு சொன்னாள். அவன் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது காட்கோபரில் என் தம்பி ஃப்ளாட்டில் வைத்துத்தான் பேசினோம். வாசலில் இருந்த தம்பியின் பெயர்ப்பலகையை என் கணவரே ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினார். திருகாணிகளை என்னிடம் தந்து, "தொலைச்சுராத" என்றார். வந்தவர்கள் போகும்வரை அவற்றை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன்.

மாட்டுங்காவில் மண்டபம் பிடித்துக் கல்யாணம் நடந்தது. இன்றுவரை சம்பந்தி வீட்டார் தாராவிக்கு வந்ததில்லை. மாப்பிள்ளை தங்கமானவர், இவரிடம் வாரம் தவறாமல் போனில் பேசுகிறார். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவர் இவளைத்தான் கட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.