அம்மா வீடா, மாமியார் வீடா?

நகைப் பட்டறையில் அவளுக்கு அழுத்தக்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பக்கத்து மேசைக்காரி கேலி செய்வாள். அந்தப் பக்கத்து மேசைக்காரிக்கு ரேடியோ என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை. இருவரும் தங்கக் கம்பிக் கண்ணிகளைக் கோத்துப் பற்றவைத்துச் சங்கிலியாக்குகிறவர்கள். கண் போய், முதுகு போய் அவர்கள் செய்த சங்கிலிகள் யார் யார் கழுத்திலோ மின்னிக்கொண்டிருந்தன.

வேலை முடிந்து வெளியே போகும் வாசலில் ஒரு பொத்தான். ஒவ்வொருத்தியாக அமுக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு எரிந்தால் பக்கத்து அறையில் சோதனை. தங்கத் தூள் உதிர்கிறதா என்று கூந்தலை அவிழ்த்து வெள்ளைத் தாளின் மேல் சீவுவார்கள், நகத்தைச் சுரண்டுவார்கள், பாவாடை மடிப்புவரை உதறச் சொல்வார்கள்.

"எல்லாம் அதிர்ஷ்டம்தாம்மா. மெஷின் யார் மூஞ்சியையும் பாத்து எரியறதில்ல" என்பார் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் காவல் அதிகாரி.

ரேடியோ அந்த விளக்குகளுக்கும் பெயர் வைத்திருந்தாள். பச்சை என்றால் அம்மா வீடு, சிவப்பு என்றால் மாமியார் வீடு. "என்னடி, இன்னிக்கு அம்மா வீடா, மாமியார் வீடா?" என்று வரிசையில் நின்றபடி கத்துவாள். அந்த அவமானத்தையும் சிரிப்பாக்கித் தந்த புண்ணியவதி. மேனேஜர் காதிலும் விழும். அவர் காதில் விழாத மாதிரிப் போய்விடுவார்.

அழுத்தக்காரியின் மகள் கல்லூரியில் வரலாறு படித்தாள். மாணவர் ஆய்வரங்கத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம், அந்தக் காலத்திலிருந்து மனிதர்களை எப்படியெல்லாம் சோதித்தார்கள் என்பது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்த வைத்தது, கட்டித் தண்ணீரில் போட்டது, சீட்டுக் குலுக்கித் திருடனைப் பிடித்தது என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி, அம்மாவுக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தாள்.

"சீட்டுல யார் பேரு வரணும்னு குலுக்குறவனுக்கு முன்னாடியே தெரியும்மா. தெய்வம் சொல்லுதுன்னு ஜனங்க நம்பிட்டாங்க."

"எங்க வாசல்லயும் அதே கதைதான்" என்றாள் தாய், என்ன தோன்றியதோ. "வாசல்ல உக்காந்திருக்கறவரு மேசைக்கு அடியில கால் சுவிட்சு ஒண்ணு இருக்கு. அத மிதிச்சாத்தான் சிவப்பு. குனிஞ்சு செருப்பு மாட்டுறப்போ பாத்தேன். மேனேஜரை எதுத்துப் பேசுனவளுக்கு அன்னிக்குச் சிவப்புதான்."

அன்றைக்கு அவள் பேசியதுபோல் அதற்கு முன் பேசியதில்லை. பச்சைக்கு அம்மா வீடு, சிவப்புக்கு மாமியார் வீடு என்று பெயர் என்பதுவரை சொன்னாள். மகள் விழுந்து விழுந்து எழுதினாள்.

"பட்டறை பேரு, என் பேரு எதுவும் வரக்கூடாது, ஆமா."

"சத்தியமா வராதும்மா."

வரவில்லைதான். படித்த பெண், சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆனால் கட்டுரைக்குத் தலைப்பு வேண்டுமே! 'அம்மா வீடா, மாமியார் வீடா?' என்று வைத்தாள். மாமியார் வீடு என்றால் ஜெயில் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள், இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தாள். அம்மா வீடு என்பது அந்த ஒரு வாசலில் மட்டும் புழங்கிய சொல் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? முதல் பரிசு கிடைத்தது. பத்திரிகையில் கல்லூரியின் பெயர் வந்தது, தலைப்பு வந்தது, கால் சுவிட்சுச் சங்கதியும் வந்தது. தன் பெயரைப் போடவில்லையே என்று மகள் மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் மேனேஜர் பத்திரிகையும் கையுமாக எல்லாரையும் நிற்க வைத்தார்.

"இந்த வார்த்தைய ஆரம்பிச்சது யாரு?"

எல்லார் கண்களும் ரேடியோ பக்கம் போயின.

"நான்தான் சார். சும்மா விளையாட்டுக்கு. ஆனா பேப்பர்ல சொன்னது நான் இல்ல சார். எங்க வீட்ல படிக்கிற பிள்ளையே கிடையாது."

"உன் வாய்தான் ஊருக்கே தெரியுமே!"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்றது அழுத்தக்காரியின் மனசு. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான், மகளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. மகள் எந்தக் கல்லூரி என்றுகூடப் பட்டறையில் மூச்சுவிட்டதில்லை. அந்த அழுத்தம் அன்றைக்குக் கைகொடுத்தது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ரேடியோவை அப்போதே கணக்கு முடித்து அனுப்பினார்கள். போகிறபோதும் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். சிவப்பு எரிந்தது. அவள் கூந்தலைச் சீவி முடிக்கும்வரை அத்தனை பேரும் வெளியே காத்திருந்தார்கள். பிறகு அழுத்தக்காரி அமுக்கினாள். பச்சை எரிந்தது.

வீட்டில் மகள் குதித்தாள். "எழுதுனது நான்னு நானே வந்து சொல்றேன்மா!"

"சொன்னா என் வேலை போகும். அவ வேலை திரும்பி வருமா? வரும்னு எழுதிக் குடு, நானே கூட்டிட்டுப் போறேன்."

மகளால் எழுதித் தர முடியவில்லை.

ரேடியோ இப்போது வீட்டு வேலைக்குப் போகிறாள். காய்கறிக் கடையில் ஒருநாள் இருவரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். அழுத்தக்காரி திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தாள், முடியவில்லை. ரேடியோ கத்தவில்லை. கையிலிருந்த தக்காளியைக் கூடையில் திரும்பப் போட்டுவிட்டுக் கிட்டே வந்தாள்.

"நான் வேலை செய்யிற வீட்டுப் பொண்ணும் அந்தக் காலேஜ்தான். அந்தப் பரிசு உன் பொண்ணுக்குத்தானாமே. சந்தோஷம்டி. ஆனா நீ ஒரு வார்த்தை சொல்லலையே."