பச்சைப் பட்டனைக் கட்டியது யார்

முதல் ரிக்கார்டிங்

பெங்களூர் ஸ்டுடியோவுக்குள் நான் முதன்முதலாக நுழைந்தபோது என் நோட்டில் எட்டுப் பாட்டுகள் இருந்தன. எனக்கு வயது இருபத்திரண்டு. ஓசூர் தொழிற்பேட்டையில், ஸ்கூட்டருக்குத் தகரப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன யூனிட்டில் பிரஸ் ஆபரேட்டர். சொந்த ஊர் உத்தனப்பள்ளிக்குப் பக்கம். வீட்டில் தெலுங்கு பேசுவோம், சந்தையில் கன்னடம். பாட்டு மட்டும் எனக்குத் தமிழில்தான் வந்தது. களையெடுக்கிறவர்கள் பாடும் மெட்டை எடுத்து, அதற்குக் கீபோர்டும் ரிதம் பேடும் வைத்து, கம்பெனி ஆயுத பூஜைகளில் பாடிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பூஜையில் கேட்டுவிட்டுத்தான் கேசட் முதலாளி நாகராஜப்பா என்னை வரச் சொன்னார்.

ஏழு பாட்டு மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. எட்டாவது பாட்டில் நாகராஜப்பா கையைத் தூக்கி நிறுத்தினார். அவர் பேசுவது பாதிக் கன்னடம் கலந்த தமிழ்.

"முனிராஜ், மெட்டு ஏ-ஒன். ஆனா மூணாவது வரி இடிக்குது கணோ. சூப்பர்வைசரு, கம்பின்னு என்ன இது? யூனியன் கூட்டமா? இத எந்தக் கம்பெனி ஃபங்ஷன்ல போடுவாங்க?"

"நடந்தது சார் அது. என் ஃபிரண்டுக்கு நடந்தது."

"நடக்கட்டும்ப்பா. யாரு வேணாம்னா? ஒரு லவ் வை. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணு. அஞ்சு நிமிஷம் டைம் தர்றன்."

கீபோர்டுக்காரர் சிகரெட் பிடிக்க வெளியே போனார். நான் பாடும் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நோட்டைப் பிரித்தேன். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. பாட்டு எழுத வருகிற பிள்ளைகள் என்னிடம் ராகம் கேட்கிறார்கள், சந்தம் கேட்கிறார்கள். இதை யாரும் கேட்பதில்லை.

நடந்தது

கருப்பையா சிவகங்கைப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூர் வந்தவன். நானும் அவனும் ஒரே ரூம், ஒரே ஷிப்ட், அடுத்தடுத்த மெஷின். என்னைவிட நன்றாகச் சமைப்பான். நான் மெட்டுப் போடும்போது தட்டைக் கவிழ்த்து வைத்துத் தாளம் தட்டுவான். வலது கையால்.

எங்கள் பவர் பிரஸ்ஸில் இடமும் வலமுமாக இரண்டு பச்சைப் பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கித் தகரத்தை அடிக்கும். கை உள்ளே இருக்கும்போது மெஷின் இறங்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஒரு பட்டனைக் கம்பி வைத்து அமுக்கிக் கட்டிவிட்டால், ஒரு கையால் பட்டனை அழுத்திக்கொண்டே மறு கையால் தகரத்தைத் தள்ளலாம். உருப்படி நிறைய விழும்.

மாதக் கடைசி. சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் நெருக்கடி. சூப்பர்வைசர் கட்டிங் பிளேயரும் பைண்டிங் கம்பியும் எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் கருப்பையாவின் மெஷின்.

"சார், வேணாம் சார், கை உள்ள போகும்" என்றான் கருப்பையா.

"உன் கை உன்கிட்டதான இருக்குது? பாத்து ஓட்டு. முடியாதுன்னா சொல்லு, வெளிய ஆள் நிக்குது."

அதைக் கட்டிவிட்டு என் மெஷினுக்கு வருவதற்குள் அவரை ஆபீசில் கூப்பிட்டார்கள். அதனால் என் பட்டன் கட்டப்படவில்லை. டீ டைமுக்குக் கொஞ்சம் முன்னால் கருப்பையாவின் மெஷின் அடித்த சத்தம் வேறு மாதிரி கேட்டது. தகரத்துக்கும் விரலுக்கும் சத்தம் வேறு. திரும்பினேன். அவன் கத்தவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கட்டைவிரல் மட்டும் இருந்தது.

வேஸ்ட் துணியைச் சுற்றி, கம்பெனி வேனில் என் மடியில் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். திரும்பி வந்தபோது மெஷின் துடைக்கப்பட்டிருந்தது. கம்பியைக் காணவில்லை.

பாட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதினேன். கருப்பையா பேசுகிற மாதிரி எழுதினேன். மூன்றாவது வரி இப்படி இருந்தது:

சீக்கிரமா ஆகணுன்னு சூப்பர்வைசர் கட்டிப்புட்டான்
பச்சப் பட்டனத்தான் கம்பி வெச்சு

கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு கருப்பையா இரண்டு தடவை பாடச் சொல்லிக் கேட்டான். "பாடு மாப்ள. நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றான்.

ஸ்டுடியோவில் அந்த ஐந்து நிமிடத்தில் நான் அதை அடித்துவிட்டு மேலே எழுதியது இது:

சீக்கிரமா வரணுன்னு நானேதான் கட்டிப்புட்டேன்
பச்சப் பட்டனத்தான் அத்த மகளே

சந்தம் கச்சிதமாக உட்கார்ந்தது. நாகராஜப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

வண்டி ஓடிய காலம்

கேசட் வெளியானபோது கருப்பையா கை ஆற ஊருக்குப் போயிருந்தான். மூன்றாம் மாதம் நான் வேலையையும் ரூமையும் விட்டேன். டெம்போ வேனில் ஸ்பீக்கர் பெட்டிகளும் நாங்கள் ஆறு பேரும். பாகலூர், கெலமங்கலம், ராயக்கோட்டை, காவேரிப்பட்டினம் என்று திருவிழா திருவிழாவாகப் போனோம். எங்கே போனாலும் எட்டாவது பாட்டைத்தான் கேட்டார்கள். இளவட்டங்கள் வலது கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, காலிச் சட்டைக்கையை ஆட்டி ஆடுவார்கள். "அத்த மகளே" என்று வரும்போது கூட்டம் முழுக்கச் சேர்ந்து கத்தும். அந்த ஆட்டத்தை முதல்முறை பார்த்தபோது அடுத்த வரியைத் தவறவிட்டேன். பத்தாவது முறை பார்த்தபோது நானே மேடையில் சட்டைக்கையை ஆட்டிக் காட்டினேன்.

கெலமங்கலத்தில் ஒரு மத்தியான நிகழ்ச்சி. பாடி முடித்து வேனுக்குப் பின்னால் சோடா குடித்துக்கொண்டிருந்தேன். கருப்பையா வந்தான். வேலை போய்விட்டிருந்தது. நஷ்டஈட்டுக்கு மனுப் போட்டிருந்தான். வலது கை பேன்ட் பாக்கெட்டில் இருந்தது.

"மாப்ள, நான் எப்பய்யா கட்டுனேன்?"

"அது பாட்டுக்காக மாத்துனது கருப்பையா. கேசட்டுக்காரர் கேட்டாரு. உன் பேரு எங்கயும் வரல பாரு."

"எனக்கு அத்த மகளே கெடையாதுய்யா. அத்தைக்கு மூணும் பயலுக."

நான் சிரித்தேன். அவனும் கொஞ்சம் சிரித்தான். பிறகு மைதானத்தைப் பார்த்தான். அங்கே சில பேர் இன்னும் சட்டைக்கையை ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்ருக்கலாம்ல" என்றான். "சரி விடு. நல்லா இரு."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். நானும் விட்டுவிட்டேன்.

விசாரணை

கம்பெனி, பாதுகாப்புப் பட்டனைக் கருப்பையா தானாகவே கட்டிக்கொண்டான், ஆகவே நஷ்டஈடு கிடையாது என்றது. வேண்டுமென்றே பாதுகாப்பை எடுத்துவிட்டவனுக்குச் சட்டத்தில் இடமில்லையாம். கருப்பையாவுக்காகச் சாட்சி சொல்ல யூனிட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. எல்லோருக்கும் வேலை இருந்தது. வேலையை விட்டுவிட்டவன் நான் ஒருவன்தான்.

என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்ட தகவல் தெரிந்ததும் நாகராஜப்பா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

"அங்க போய் நின்னு பாட்டு பொய்னு சொன்னா, நாளைக்கு எந்தக் கம்பெனி உன்னை ஆயுத பூஜைக்குக் கூப்பிடும்? யோசனை பண்ணு."

யோசித்தேன். நான்கு நாள் யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஐந்தாம் நாள் போனேன். நோட்டையும் எடுத்துக்கொண்டேன்.

லேபர் ஆபீஸ் விசாரணை அறை சிறியது. அதிகாரி, டைப்பிஸ்ட், இரண்டு தரப்பு வக்கீல்கள், கருப்பையா. சூப்பர்வைசர் கட்டியதை என் கண்ணால் பார்த்தேன் என்று நான் சொல்லி முடித்ததும், கம்பெனி வக்கீல் எழுந்தார். மேஜையில் ஒரு டேப் ரிக்கார்டரை வைத்தார். அதிகாரியிடம் அனுமதி கேட்டுப் பட்டனைத் தட்டினார். என் குரல் வந்தது. கீபோர்டு, ரிதம் பேடு, நடுவில் நாங்கள் ஸ்டுடியோவில் சேர்த்த விசில் சத்தம். டைப்பிஸ்ட் அம்மாவின் கால் தன்னையறியாமல் தாளம் போட்டது. பிறகு அவரே காலை நிறுத்திக்கொண்டார்.

"இது உங்க குரல்தானே?"

"ஆமாங்க சார்."

"எழுதினதும் நீங்கதான்?"

"ஆமாங்க. ஆனா அந்த வரி..."

"கேட்டதுக்குப் பதில். மனுதாரரோட ஒரே ரூம்ல இருந்தவர் நீங்க. பக்கத்து மெஷின்ல நின்னவர் நீங்க. 'நானேதான் கட்டிப்புட்டேன்'னு எழுதினதும் நீங்க. பாட்டுல சொன்னது பொய்யா, இங்க சொல்றது பொய்யா?"

"பாட்டுல சொன்னதுதாங்க பொய். மொதல்ல எழுதுனது இந்த நோட்டுல இருக்குது. அடிச்சிட்டு மாத்துனன்."

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். அடித்த வரியும் அதற்கு மேல் எழுதிய வரியும் இருந்தன. "இதை நேத்து ராத்திரிகூட அடிச்சு எழுதலாமே" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "கேசட் விக்கிறதுக்காக ஊருக்கெல்லாம் பொய் சொன்னவர், கூட்டாளிக்காக இந்த ஒரு ரூம்ல சொல்ல மாட்டாரா?"

நான் நோட்டைத் திருப்பி வாங்கி மூடினேன். கருப்பையா என்னைப் பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் டேப் ரிக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மனு தள்ளுபடி ஆனது. உத்தரவில் என் பாட்டைப் பற்றி இரண்டே வாக்கியம் இருந்ததாக அவனுடைய வக்கீல் சொன்னார். அப்பீல் போகலாம் என்றும் சொன்னார். கருப்பையா போகவில்லை. ரூமைக் காலி செய்தான். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவனுடைய டிரங்குப் பெட்டியை நான் பஸ் மேலே ஏற்றினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவன், "சாட்சிக்கு வந்தீல்ல, அது போதும்யா" என்றான். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என் கையை விட்டுப் போனது

நாகராஜப்பா சொன்னது பலித்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு ஒரு கம்பெனியும் கூப்பிடவில்லை. பழைய வரியைப் போட்டு மறுபடி ரிக்கார்டு செய்யலாமா என்று நான் கேட்டதற்கு, அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

கிராமத்துத் திருவிழாக்கள் மட்டும் மிச்சம் இருந்தன. உத்தனப்பள்ளியில், எங்கள் ஆட்கள் முன்னால், ஒரு நாள் துணிந்து முதலில் எழுதிய வரியையே பாடினேன். "சூப்பர்வைசர் கட்டிப்புட்டான்" என்று நான் பாட, கூட்டம் "நானேதான் கட்டிப்புட்டேன்" என்று பாடியது. நிறுத்திவிட்டு மைக்கில் சொன்னேன்: "இதான் உண்மையான பாட்டு. அது தப்பு."

முன்வரிசையிலிருந்து என் சித்தப்பா மகன் கத்தினான். "வரி மறந்துட்டியா அண்ணா? நாங்க பாடறம், நீ தாளம் தட்டு!"

அவர்கள் பாடினார்கள். எழுதியவனுக்கே எடுத்துக்கொடுக்கிற உற்சாகம். தாளத்தை நிறுத்த பேடுக்காரனுக்கு மனம் வரவில்லை. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். கேசட்டுகள் பெட்டிக்கடை, லாரி, கல்யாண மண்டபம் என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டிருந்தன. என் தொண்டை ஒன்று, அவை ஆயிரம். பொய்யைச் சொன்னவன் திரும்பி வந்து அது பொய் என்று சொன்னால் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு

ஒரு வருடம் எழுதவில்லை. ஒரு வொர்க்ஷாப்பில் லேத் ஓட்டினேன். பிறகு மெதுவாகத் திரும்ப எழுத ஆரம்பித்தேன், சின்ன மேடைகளில் பாடினேன். ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒருத்தருடைய கதையை எடுத்தால் அவரிடமே பாடிக் காட்டுவது. ஒரு சொல்லை மாற்றினாலும் மறுபடி போய்ப் பாடிக் காட்டுவது. இது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஒரே பாடம். பாட்டுக்காரனுக்கு வரி இடிக்கும், மாற்றலாம். ஆனால் அந்த வரிக்குள் நிற்கிற ஆளுக்கு அது வாக்குமூலம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல் குவாரியில் வெடி தவறுதலாக வெடித்து ஒரு ஆள் இறந்துபோனார். அவர் மனைவி லட்சுமம்மாவை எனக்குத் தெரியும். அந்தச் சாவை வைத்து ஒரு பாட்டு எழுதினேன். நான் போட்ட மெட்டுகளிலேயே அதுதான் நல்ல மெட்டு. பொய் ஒரு சொல்கூட இல்லை. ஒரு காலையில் அவர் வீட்டுக்குப் போய், வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தவர் முன்னால் உட்கார்ந்து, வாத்தியம் இல்லாமல் பாடினேன்.

முறத்தை வைத்துவிட்டுக் கேட்டார். கடைசி வரை கேட்டார். முடிந்ததும் முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"வொத்தப்பா" என்றார் தெலுங்கில். வேண்டாம்ப்பா. "பாட்டு நல்லாத்தான் இருக்குது. என் புள்ளைங்க பஸ்ல போவும்போது இது பாடுனா, அதுங்க எங்க போயி ஒளியும்?"

"சரிங்கம்மா" என்றேன்.

அவர் உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். அந்தப் பாட்டை அதற்குப் பிறகு நான் யாருக்கும் பாடவில்லை.