இரண்டு பாகை

"அம்மா, இரண்டு பாகை பிழைக்குது. சமனாக்கி எழுதட்டோ?" என்று மகள் கேட்டாள்.

மேசையில் அவளுடைய பௌதிகவியல் செய்முறைக் கொப்பி விரிந்து கிடந்தது. பின்புறம் இரசம் பூசிய கண்ணாடிக் குற்றிக்குள் ஒளி முறிந்து நுழைந்து, தெறித்து, மறுபடி முறிந்து வெளியே வரும் பரிசோதனை. ஒளி போகும் வழியைக் குண்டூசிகள் குத்திக் குறித்தால், நுழையும் கோணமும் வெளியேறும் கோணமும் சமனாக வரவேண்டும்.

நானும் உயர்தர வகுப்பில் அதைச் செய்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற குருநகர்ப் பிள்ளை ஜெசிந்தா ஒரு கண்ணை மூடி, பச்சை ஓடிய கண்ணாடிக்குள் தெரிந்த குண்டூசிகளின் நேருக்கு மற்ற ஊசிகளைக் குத்தினாள். நான் குற்றிக்குள் பார்க்கவேயில்லை. பாகைமானியால் அளந்து, கோணம் சமனாக வரும்படி குத்திவிட்டேன்.

ஆசிரியை என் தாளைத் தூக்கிக் காட்டினார். "இவளின்ரையைப் பார். உன்ரை கண் எங்கை நிண்டது?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டார். வகுப்பே சிரித்தது.

வெளியே வந்ததும் அவள், "உனக்கு எப்பிடியடி சரியா வந்தது? எனக்கும் சொல்லித் தாவன்" என்றாள்.

"வடிவாப் பார்க்கோணும்" என்றேன்.

மூன்று நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் நின்று, அவள் திரும்பத் திரும்பக் குத்தினாள். ஒவ்வொரு முறையும் சிறு பிழை வந்தது. பிறகு கலைப் பிரிவுக்கு மாறிவிட்டாள். "என்ரை கண் உதுக்குச் சரிவராது" என்று என்னிடம்தான் வந்து சொன்னாள். அப்போதும் நான் அளந்து குத்தியதைச் சொல்லவில்லை.

"கண்டதையே எழுது" என்றேன் மகளிடம்.

"ஏன்?"

சொன்னேன். சொல்லி முடியும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.