மூட்டையை இறக்காத அம்மா

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு படிப்பு நின்றுவிட்டது, மறதியும் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் சென்னையை விட்டுச் செஞ்சிக்கு, தம்பி வீட்டுக்குப் போகிறேன். இந்தத் தெருவில் என்னோடு பழகியவர் ஒருவரும் இப்போது இல்லை. அடுத்த குடித்தனத்துக்காக வீட்டுக்காரர் இப்போதே சுண்ணாம்பு அடிக்கிறார். தம்பி என்னை வரச் சொன்னான். அவன் மனைவி அழைக்கவில்லை.

ஈரச் சுண்ணாம்பு வாசனையில் பழைய நாள் ஒன்று வந்து நின்றது. வேலை போனதும் நைனா எங்களைப் பட்டணத்திலிருந்து செஞ்சியில் சித்தப்பா வீட்டுக்கு அழைத்துப்போனார். பொங்கலுக்குச் சித்தி வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொல்வார்களா என்று தெரியாமல் அம்மா வாசலிலேயே நின்றாள்.

சித்தி சுண்ணாம்பு அடிக்கும் மட்டையோடு திரும்பினாள்.

"இன்னாக்கா, மூட்டய இடுப்புலயே வச்சிக்கினு நிக்கிற? வந்த பஸ்ஸு அப்பவே போயிடுச்சு. எறக்கி வச்சிட்டு அந்தச் செவுத்த நீ அடி, எனக்குத் தோளு உட்டுப்போவுது."

அம்மா அழுதுகொண்டே சுண்ணாம்பு அடித்தாள்.

சித்தி சொன்னது இதேதானா என்று, செஞ்சியிலேயே இருக்கும் அவள் மகள் வள்ளி இதைப் படித்துச் சரிபார்க்கட்டும். அப்படியே, தம்பி மனைவிக்கு நான் வருவதில் சம்மதமா என்றும் கேட்டுச் சொல்லட்டும்.