முதல் சம்பளக் காணிக்கை

பொறியியல் கல்லூரி நோட்டீஸ் எதையும் அப்பா நம்பியதில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்களுக்கு இத்தனை லட்சம் சம்பளம் என்று போட்டிருந்தால், "அது வேல கெடச்சவனுக்க கணக்கு. கெடைக்காதவன எங்க ஒளிச்சு வச்சிருக்கான்?" என்பார்.

அவர் நம்பியது குழித்துறைப் பக்கம் இருந்த எங்கள் சபையை. வேலைக்குப் போகிற பிள்ளைகள் முதல் மாதச் சம்பளத்தை அப்படியே காணிக்கையாக வைப்பது அங்கே வழக்கம். ஞாயிறு ஆராதனையில் பெயரோடு தொகையையும் வாசிப்பார்கள். 2006இல் நான் பிளஸ் டூ படித்த வருடம் முழுக்க, எந்தக் கல்லூரியில் படித்த பிள்ளை எவ்வளவு வைத்தது என்று அப்பா தன் பைபிளின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தார்.

"கர்த்தருக்க முன்னால ஆரும் கள்ளக்கணக்கு சொல்ல மாட்டாவ மக்ளே."

அந்தக் குறிப்பில் முதலில் நின்ற கல்லூரியில் என்னைச் சேர்த்தார்.

படிப்பு முடிந்து சென்னையில் நான் வாங்கிய முதல் சம்பளம் எட்டாயிரம். கவரில் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை என் பெயருக்கு நேரே இருபத்திரண்டாயிரம் என்று வாசித்தார்கள். ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்பா பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன்.

"பாக்கி நான் வச்சேன். எட்டாயிரம்னு வாசிச்சா நாலு பேரு என்ன நெனைப்பாவ?"

"அப்போ நீங்க எழுதி வச்ச பிள்ளைகளுக்க அப்பாமாரு?"

அதற்குள் பிளஸ் டூ படிக்கும் மகளோடு ஒருவர் எங்களிடம் வந்தார். கையில் பைபிளும் பேனாவும் இருந்தன.

"மக்ளே, நீ எந்த காலேஜு?"

சொன்னேன். சம்பளத்தை அவர் கேட்கவில்லை.