மூன்றாவது எண்

நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள், பிற்பகல் இரண்டு மணி பதினேழு நிமிடத்துக்கு என் கைபேசி ஒலித்தது. தெரியாத எண். எடுத்தால், பதிவு செய்த ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், அவசரம், விவரம் கேட்க ஒன்றாம் எண்ணை அழுத்தவும் என்றது. வெட்டினேன். மூன்று நிமிடத்தில் மறுபடி அதே குரல். மூன்றாம் முறை அந்த எண்ணையே தடை செய்தேன். பெருநாளிலும் மோசடிக்காரர்களுக்கு ஓய்வில்லை, யாரும் எதையும் அழுத்தாதீர்கள் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதியும் போட்டேன். என்னோடு கிள்ளானில் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் இப்படித்தான் ஏமாந்தார். அன்றிலிருந்து வீட்டில் இந்தக் காவல் என் பொறுப்பு.

அழைத்தது மோசடிக்காரன் இல்லை. என் மகளின் ஃப்ரீசர்.

மகள் மறதி நோயை ஆராய்கிறாள். கோலாலம்பூரில் அவளுடைய ஆய்வகத்தில், மைனஸ் எண்பது டிகிரியில் ஆறு வருட ரத்த மாதிரிகள் இருக்கின்றன. பெரும்பாலும் கேரி தீவுத் தோட்டங்களில் வேலை செய்து ஓய்ந்தவர்களுடையவை. ஆரம்ப காலத்தில் அவளைக் காரில் கூட்டிப் போனவன் நான். வெளிநாட்டில் தயாரித்த ஞாபகச் சோதனைத் தாளை வைத்துக்கொண்டு, நாம் இப்போது எந்த மாடியில் இருக்கிறோம் என்று தோட்டத்து வரிசை வீடு ஒன்றில் ஓர் அம்மாவிடம் கேட்டாள். "லயத்து வீட்டுல மாடிக்கு எங்கம்மா போறது? உனக்குத்தான் மறதி போல," என்று அந்த அம்மா சிரித்தார். மகளும் சிரித்துவிட்டு அந்தக் கேள்வியை அடித்தாள். அதன்பின் ஒரு வருடம் ஊசியையே எடுக்கவில்லை. வீடு வீடாக உட்கார்ந்து, இவர்களிடம் எதைக் கேட்பது நியாயம் என்று புதிதாக எழுதினாள். இன்றும் அந்த வீடுகளில் சாப்பிட்டுவிட்டுத்தான் ரத்தம் எடுப்பாள். கை நீட்டுகிறவர் தன்னை முதலில் விருந்தாளியாகப் பார்க்க வேண்டும் என்பாள்.

அன்று அவள் மாநாடு முடிந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். ஃப்ரீசர் பழுதானால் முதலில் அவளுக்கு அழைப்பு போகும். அடுத்து சக ஆய்வாளருக்கு. அந்த மலாய்ப் பெண் பெருநாளுக்குக் கிளந்தானில் இருந்தார். மூன்றாவது எண் என்னுடையது. அதைக் கொடுத்திருப்பதாக மகள் எப்போதோ சொல்லியிருக்கிறாள். நான் மறந்துபோனேன்.

மூன்றரைக்கு, தவறவிட்ட அழைப்பைப் பார்த்துச் சக ஆய்வாளர் பதறி அழைத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு, வேண்டும், அது வரும்வரை கதவைத் திறக்காதீர்கள் என்றார். அந்த ரத்தத்தைத் தந்தவர்களில் சிலர் இப்போது இல்லை. சிலர் இருந்தும் பிள்ளைகளை அடையாளம் தெரியாமல் இருக்கிறார்கள். ஞாபகம் இருந்தபோது எடுத்த ரத்தத்தை இனி யாரிடம் போய் எடுப்பது?

அதை விற்கும் கடைகள் எல்லாம் மூடியிருந்தன. அப்போதுதான் மாடிக் கேள்விக்குச் சிரித்த அந்த அம்மாவின் மகன் நினைவுக்கு வந்தார். உறைந்த மீனை டிரை ஐஸில் அடைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் லோரி ஓட்டுகிறார். நான் பாதி சொல்வதற்குள், முதலாளி தவுக்கேவிடம் கிடங்குச் சாவி வாங்கிக்கொண்டு ஐஸோடு வருகிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்ததும் காவலாளி ஆய்வகத்தைத் திறந்துவிட்டார். ஃப்ரீசரின் முகப்பில் மைனஸ் ஐம்பத்தெட்டு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐம்பத்தேழு. கதவில் மகளின் கையெழுத்தில் ஒரு தாள்: திறக்குமுன் என்ன வேண்டும் என்று முடிவு செய்யவும். முப்பது வருடம் பாடம் நடத்திய நான் அந்தத் தாளின் முன் கைகட்டி நின்றேன்.

ஐந்தே காலுக்கு லோரி வந்தது. வீடியோவில் சக ஆய்வாளர் சொல்லச் சொல்ல, ஜன்னல்களைத் திறந்து, தடித்த கையுறை போட்டு, இருவரும் தட்டுத் தட்டாக ஐஸை அடுக்கினோம். கதவை மூடியதும் லோரிக்காரர் கேட்டார்.

"சார், எங்கம்மாவோடதும் இதுலதானே இருக்கு?"

ஆமாம் என்றேன்.

"அது எடுத்தப்ப அம்மாவுக்கு என் பேரு தெரியும், சார்."

எண்கள் மெல்லக் குளிரை நோக்கித் திரும்பின. மைனஸ் அறுபத்தாறில் மகள் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். முகப்பைப் பார்த்தாள். ஃப்ரீசரில் பதிவான வெப்பநிலைகளை நிமிடம் நிமிடமாக நோட்டில் எழுதி முடித்தாள். பிறகு, மாதிரிகள் தப்பித்தன என்றாள். லோரிக்காரரின் விரல்களில் பனிக்காயம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, அம்மா இப்போது சாப்பிடுகிறார்களா என்று விசாரித்தாள். நான் செய்ததை எல்லாம் ஒப்புக்கொண்டேன். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

கையை நீட்டி என் கைபேசியை வாங்கி, அந்த எண்ணின் தடையை நீக்கினாள்.

"அப்பா, மூணாவது நம்பர் இன்னும் நீங்கதான். அடுத்த வாட்டி கூப்பிட்டா ஒன்ன அழுத்துங்க, போதும்."